பழைய கணினியும் வரைகலை அட்டையும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்ததும் எதிர்ப்படுவது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் தம் புனைபெயரிலே சுமந்த ஊர் அது. கிழக்கே கடல், தெற்கே, கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்பெற்ற மருதமுனை. அந்த எல்லையிலே ஒரு நெசவாளரின் இல்லத்தை மனக்கண்ணால் பார்ப்போம். அது கற்பனை இல்லமே. எனினும் இன்று கரையோரக் கிராமங்கள் பலவற்றில் காணக்கூடிய இல்லந்தான்.

அந்த வீட்டின் மூலையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகம் பாவித்துக் கழித்தது. 2012ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது. மகள் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவில் பயில்கிறாள். 2013ஆம் ஆண்டு நம் நாட்டுப் பாடசாலைகளில் புகுத்தப்பட்ட பிரிவு அது. பொறிகளின் பாகங்களைத் திரையிலே முப்பரிமாணமாக வரைந்து, சுழற்றிப் பார்க்க அவள் விரும்புகிறாள். ஆனால், சுழற்றினால் படம் விக்கி விக்கி நகர்கிறது. காணொளிப் பாடங்களும் இடையிடையே நின்றுவிடுகின்றன. "வாப்பா, இதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள்" என்கிறாள். வாப்பாவிடம் இருப்பதோ தறியில் உழைத்துச் சேர்த்த சிறு தொகை. அதை ஒருமுறைதான் செலவிடலாம். வாங்கிய பொருள் பொருந்தாவிட்டால் காசும் போகும். மகளின் நம்பிக்கையும் தளரும். ஆகவே, வாங்குமுன் அறியவேண்டியவை எவை என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில், இந்த வரைகலை அட்டை என்ன வேலை செய்கிறது? நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. துணியிலே பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு புள்ளி. எந்தப் புள்ளியில் எந்த நிறம் மேலே வரவேண்டும் என்று தீர்மானித்தால், பூவும் கரையும் உருவாகின்றன. கணினித் திரையும் அத்தகைய ஒரு நெசவே. இன்று பரவலாக உள்ள திரையில் கிடையாக 1920 புள்ளிகள், நெடுக்காக 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். இந்தத் துணி ஒருமுறை நெய்யப்பட்டால் போதாது; ஒவ்வொரு விநாடியிலும் 60 தடவை புதிதாக நெய்யப்படவேண்டும். அதாவது, ஒரு விநாடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் குறிக்கப்படவேண்டும்.

கணினியின் மூளை எனப்படும் மையச் செயலி, கைதேர்ந்த தலைமை நெசவாளரைப் போன்றது. எத்துணைச் சிக்கலான வேலையையும் அது செய்யும். ஆனால் அதற்கு இருப்பவை சில கைகளே. 2012ஆம் ஆண்டுக் கணினிகள் பலவற்றில் அச்செயலிக்கு 2 அல்லது 4 கருக்கள் மட்டுமே இருந்தன. வரைகலைச் செயலியோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு தொழிலாளரை ஒரே கூடத்தில் அமர்த்தியதற்கு ஒப்பானது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஜிபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் சாதாரண அட்டையிலேயே 896 சிறு கருக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எளிய கணக்கையே செய்யும். ஆனால் எல்லாம் ஒருங்கே செய்யும். புள்ளிகளுக்கு நிறமிடுதல் அத்தகைய கூட்டு வேலைதானே?

இந்த அட்டையின் வரலாற்றில் நம்மவர் அறிந்திருக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் ஒருநிறத் திரை அட்டை எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டியது. ஆனால் அதற்குள் செதுக்கி வைக்கப்பட்டிருந்த எழுத்துகளை மட்டுமே காட்டியது. நிற அட்டையிலோ படம் வரையலாம். புள்ளிகள் பருமனாயிருந்தமையால் எழுத்துத் தெளிவாக அமையாது. அந்நாளில் அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த வான் சுவன்னுக்குல் என்னும் தாய்லாந்து மாணவர், தம் ஆய்வேட்டைத் தாய் மொழி எழுத்திலே அமைக்க விரும்பினார். இருந்த அட்டைகள் எதுவும் உதவவில்லை. ஆகவே, 720க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஏற்றி அணைக்கவல்ல புதிய அட்டை ஒன்றை 1982இல் உருவாக்கினார். ஹெர்குலிஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் விற்பனையாயிற்று. பொழுதுபோக்குக்கென்றே பலர் கருதும் இக்கருவியின் தொடக்கக் கதையில், ஆங்கிலமல்லாத ஒரு மொழியைத் திரையில் எழுதவேண்டும் என்ற வேட்கையும் கலந்துள்ளது. தமிழ் எழுத்தைத் திரையில் வாசிக்கும் நாமும் அந்த வேட்கையை எளிதில் புரிந்துகொள்வோம்.

பின்னர் 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. முறையைக் கொண்டுவந்தது. நீல நிறத் தலையும் 15 ஊசிகளும் உடைய அந்தத் திரை வடம் இன்றும் பல வீடுகளில் உண்டு. 1999இல் என்விடியா நிறுவனம் ஜிபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டு, ஜி.பி.யு. என்ற பெயரைப் பரப்பியது. 1985இல் கனடாவில் தொடங்கிய ஏ.ரி.ஐ. நிறுவனத்தை 2006இல் ஏ.எம்.டி. வாங்கிக்கொண்டது. இன்று பழைய கணினிக்கு அட்டை தேடுவோர் பெரும்பாலும் என்விடியாவின் ஜிபோர்ஸ், ஏ.எம்.டி.யின் ரேடியன் ஆகிய இரு பெயர்களையே கேட்பர்.

அட்டை இல்லாமலே கணினி படம் காட்டுகிறதே என்று சிலர் வினவலாம். உண்மைதான். அலுவலகக் கணினிகளில் வரைகலைப் பகுதி மையச் செயலிக்குள்ளேயே சிறிதாக அமைந்திருக்கும். அதற்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். முப்பரிமாண வரைதலும், புதிய முறைகளில் சுருக்கி அனுப்பப்படும் காணொளிகளும் வரும்போதுதான் அது திணறுகிறது. அக்காணொளிகளை விரித்துக் காட்டும் உறுப்பு பழைய செயலிகளில் இல்லாமையால், அந்தச் சுமை முழுவதும் தலைமை நெசவாளரின் தோளில் விழுகிறது.

எனினும், நோயை அறியாது மருந்து வாங்குதல் தகாது. கணினி மெதுவாக இயங்குவதற்குக் காரணங்கள் பல. விண்டோஸ் பாவிப்போர் கட்டுப்பாட்டு விசை, மாற்று விசை, எஸ்கேப் விசை என்னும் கன்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். கணினி திணறும் வேளையில் அதைப் பார்க்கவேண்டும். நினைவகம் நிறைந்து வழிகிறதா? பழைய வன்தட்டு நூற்றுக்கு நூறு வீதம் உழைக்கிறதா? அப்படியானால் குற்றம் படத்தில் இல்லை. 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்குவதும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் அசைவற்ற நினைவுத் தட்டை இடுவதுமே அங்கு ஏற்ற மருந்து. இவற்றைச் செய்யாது அட்டையை மட்டும் வாங்கியவர், காளைக்குத் தீனி வைக்காது வண்டிக்கு வர்ணம் பூசியவர் ஆவார். நினைவகமும் தட்டும் ஓய்ந்திருக்க, வரைதலும் காணொளியும் மட்டுமே விக்கினால், அப்போதுதான் அட்டையைப் பற்றி நினைக்கவேண்டும்.

அவ்வாறு நினைப்போர் கடைக்குப் போகுமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும்.

முதல் வினா: அட்டையைச் செருகும் இடம் எது? 1997ஆம் ஆண்டு வந்த ஏ.ஜி.பி. என்னும் வாய் உள்ள மிகப் பழைய கணினியில் இன்றைய அட்டை எதுவும் பொருந்தாது. அத்தகைய கணினிக்குச் செலவு செய்யாதிருப்பதே அறிவு. அதற்குப் பின் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் நீண்ட வாய் இருந்தால் நல்லது. இம்முறையில் பல தலைமுறைகள் உண்டாயினும், புதிய அட்டை பழைய வாயிலும், பழைய அட்டை புதிய வாயிலும் பொருந்தும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கும். அவ்வாறு இறங்குவது சில அட்டைகளைப் பெரிதும் பாதிக்கும். 2022இல் வந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6400, நான்காம் தலைமுறைக்கென நான்கே பாதைகளோடு செய்யப்பட்டது. மூன்றாம் தலைமுறை வாயில் அதன் போக்குவரத்துப் பாதி ஆகிவிடும்.

இரண்டாம் வினா: பெட்டிக்குள் இடம் உண்டா? ஒடுங்கிய அலுவலகக் கணினிகளில் சாதாரண உயரமுள்ள அட்டை நுழையாது. பாதி உயரம் உள்ள அட்டையும் அதற்கேற்ற குட்டைத் தகடும் வேண்டும். அடிக்கோல் எடுத்து நீளத்தையும் உயரத்தையும் அளந்து, தாளில் குறித்துக்கொண்டு செல்வது நன்று.

மூன்றாம் வினாவே யாவற்றிலும் முக்கியமானது: மின்வழங்கி எவ்வளவு தாங்கும்? கணினியின் பின்புறத்தில், சுவரிலிருந்து மின்வடம் நுழையும் பெட்டியே மின்வழங்கி. அதன் மேல் ஒட்டப்பட்ட தாளில் வாற்று அளவு எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஒப்டிபிளெக்ஸ் 7010 கணினியின் கோபுர வடிவத்துக்கு 275 வாற்று மின்வழங்கி அளிக்கப்பட்டது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வாய் தன் வழியாக அட்டைக்குத் தரக்கூடிய உச்ச மின்வலு 75 வாற்று. 12 வோல்ற்றில் 5.5 அம்பியர் என்றால் 66 வாற்று, எஞ்சியது 3.3 வோல்ற்றிலிருந்து வரும். இதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்குத் தனி வடம் தேவை. 6 ஊசி வடம் மேலும் 75 வாற்றும், 8 ஊசி வடம் மேலும் 150 வாற்றும் தரும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் அவ்வடங்களே இரா. வேறு வடத்தை மாற்றிப் பொருத்தி இழுத்தால், கணினி இடைநடுவே அணையலாம். வடம் சூடேறி உருகவுங்கூடும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கு பழமொழி மட்டுமன்று, மின்னியல் விதியுமாகும்.

ஆதலால், தனி வடம் வேண்டாத அட்டைகளே இவ்வகைக் கணினிக்கு உகந்தவை. 30 வாற்று உண்ணும் ஜி.டி. 1030, 53 வாற்று உண்ணும் ஆர்.எக்ஸ். 6400, 75 வாற்று உண்ணும் ஜி.டி.எக்ஸ். 1650 அட்டைகளில் தனி வடம் வேண்டாத வகைகள், 2024இல் வந்த 70 வாற்று ஆர்.டி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வகை ஆகியன அந்த இனத்தைச் சேர்ந்தவை. சில சிறிய அலுவலகக் கணினிகளில் வாயின் எல்லையைத் தயாரிப்பாளரே 75 வாற்றுக்குக் கீழே வகுத்திருப்பதும் உண்டு. கணினியின் கையேட்டில் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நான்காம் வினா: திரையோடு எவ்வாறு இணைப்பது? பழைய திரைகள் பலவற்றுக்கு நீலத் தலை வி.ஜி.ஏ. வடம் ஒன்றே வழி. அண்மைக்கால அட்டைகளில் அந்த வாய் இல்லை, எச்.டி.எம்.ஐ. முதலிய புதிய வாய்களே உள்ளன. இடையில் ஒரு மாற்றி வாங்கவேண்டும். அட்டையின் விலையோடு அதன் விலையையும் கூட்டிப் பார்ப்பதே சரியான கணக்கு.

இந்நான்கோடு, பெயர் மயக்கத்துக்கும் ஏமாறாதிருக்கவேண்டும். ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுவதுண்டு. ஜி.டி. 1030 அட்டை 2017இல் ஜி.டி.டி.ஆர். 5 என்னும் வேக நினைவகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில், டி.டி.ஆர். 4 நினைவகத்தோடு வேறொன்று வந்தது. முதலாவது விநாடிக்கு 48 ஜி.பி. தரவை நினைவகத்திலிருந்து எடுக்கும். இரண்டாவதோ ஏறத்தாழ 17 ஜி.பி. மட்டுமே. பெட்டியின் முகப்பில் எழுதிய 2 ஜி.பி. என்ற எண் இரண்டுக்கும் ஒன்றே. களஞ்சியத்தின் பருமனை மட்டும் பார்த்து, வாசலின் அகலத்தைப் பாராதவர் ஏமாறுவார். பெட்டியில் நினைவகத்தின் வகை எது என்று கேட்டு வாசித்த பின்பே காசு கொடுக்கவேண்டும்.

அட்டையை இயக்கும் மென்பொருளையும் எண்ணவேண்டும். என்விடியா நிறுவனம் ஜி.டி. 1030, ஜி.டி.எக்ஸ். 750 முதலிய பழைய குடும்பங்களுக்கான வழமையான இயக்கி மேம்பாட்டை 2025 ஒக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 ஒக்டோபர் வரை தருவதாக அறிவித்துள்ளது. ஜி.டி.எக்ஸ். 1650 அந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ற் அளித்துவந்த வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. புதிய அட்டை இட்டால் பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெற்றுவிடும் என்று எண்ணுவது தவறு. அதற்கு மையச் செயலியும் பாதுகாப்புச் சில்லும் புதியனவாக இருக்கவேண்டும். 2012ஆம் ஆண்டுச் செயலி அதற்கு உட்படாது. உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் இத்தகைய கணினிகளுக்கு ஒரு வழி. ஆனால் பாடத்துக்குரிய மென்பொருள் அதில் இயங்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மாற்று வீதம் சில மாதங்களில் 360ஐ எட்டியது. இறக்குமதிப் பொருள் அனைத்தும் விலையேறின. அதனால் பாவித்த அட்டையை நாடுவோர் பலர். அதில் இழிவு இல்லை. ஆயினும், எதேரியம் என்னும் இலத்திரனியல் நாணயத்தை உருவாக்கும் முறை 2022 செப்டெம்பரில் மாற்றப்பட்ட பின், இரவு பகலாக உழைத்த அட்டைகள் உலகச் சந்தையில் குவிந்தன என்பதை மறத்தலாகாது. பாவித்த அட்டையைக் கடையிலேயே ஒரு கணினியில் இட்டு, அரை மணி நேரமாவது முப்பரிமாணப் படம் ஓடவிட்டு, விசிறி சீராகச் சுழல்கிறதா, திரையில் புள்ளியும் கோடும் தோன்றுகின்றனவா என்று பார்க்கவேண்டும். இன்னும் நன்று, தம் கணினியையே கடைக்குக் கொண்டுசென்று பொருத்திப் பார்ப்பது. பழைய பயோஸ் மென்பொருள் சில அட்டைகளை அடையாளம் காணாது கருந்திரை காட்டும். வீட்டுக்கு வந்தபின் அதைக் காண்பதிலும் கடையிலேயே காண்பது நல்லதன்றோ?

பொருத்தும் முறை கடினமன்று. கணினியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றவேண்டும். பக்கத் தகட்டைத் திறந்து, உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்கவேண்டும். பழைய அட்டை இருந்தால் திருகாணியைக் கழற்றி, வாயின் முனையிலுள்ள சிறு கொளுவியை அழுத்தி, நேராக மேலே எடுக்கவேண்டும். புதியதன் விளிம்பைப் பிடித்து, பொன்னிறப் பற்களைத் தொடாது, 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை சமமாக அழுத்தவேண்டும். பின்னர் திருகாணியை இறுக்கவேண்டும். திரை வடத்தை இனித் தாய்ப்பலகையில் அன்று, அட்டையிலேயே செருகவேண்டும். பழைய வாயிலேயே வடத்தை விட்டுவிட்டு அட்டை பழுது என்று திருப்பிக் கொண்டுபோவோர் உண்டு. இறுதியில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இயக்கி மென்பொருளை இறக்கி நிறுவினால் வேலை முடிந்தது.

கரையோரத்தில் வாழ்வோருக்கு இன்னும் ஒரு சொல். உப்புக் காற்றும் நுண்மணலும் கணினியின் பகைவர். ஈரமான உப்பு உலோகப் பற்களில் படிந்தால் மின்தொடர்பு கெடும். நல்ல அட்டையே பழுதானது போலத் தோன்றும். அவ்வேளை பற்களை மென்மையான அழிறப்பரால் மெல்லத் துடைத்து, துகளை நீக்கி மீண்டும் செருகிப் பார்க்கவேண்டும். பெட்டியைக் கடலை நோக்கிய சாளரத்தின் அருகே வைக்காதிருப்பதும், சில மாதங்களுக்கு ஒருமுறை விசிறிகளின் தூசியைத் துடைப்பதும் காசில்லாத காவல்கள்.

இனி அந்த நெசவாளரின் இல்லத்துக்கு மீள்வோம். மகளும் வாப்பாவும் கணினியின் முன் அமர்ந்து முதலில் பட்டியலைப் பார்க்கிறார்கள். காணொளிப் பாடம் நிற்கும்போது நினைவகம் நிறைந்தும் வன்தட்டு நூறு வீதம் உழைத்தும் இருப்பது தெரிகிறது. சேர்த்த தொகையில் முதற்பங்கு நினைவகத்துக்கும் எஸ்.எஸ்.டி. தட்டுக்கும் போகிறது. பாடங்கள் தடையின்றி ஓடத் தொடங்குகின்றன. முப்பரிமாணப் படம் மட்டும் இன்னும் விக்குகிறது. அது உண்மையிலேயே வரைகலையின் குறை என்று இப்போது உறுதி. மின்வழங்கியின் தாளில் 275 வாற்று என்று வாசித்து, பெட்டியை அளந்து, தனி வடம் வேண்டாத சிறிய அட்டை ஒன்றின் பெயரைத் தாளில் எழுதி வைக்கிறாள் மகள். அடுத்த சேலைத் தொகுதி விற்ற பின் அதை வாங்குவதென்று முடிவாகிறது.

தறியில் ஒரு நூல் அறுந்தால், நெசவாளர் துணி முழுவதையும் வெட்டி எறிவதில்லை. எந்த இழை அறுந்தது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதை மட்டும் முடிந்துவிட்டு, மேலே நெய்கிறார். பழைய கணினியைத் திருத்துவோருக்கும் அந்தப் பொறுமையே முதல் கருவி.